கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் வழிபாட்டு இசைக்கு என்னதான் வித்தியாசம்?

ஆலயத்தில் யார் பாடுகிறார்கள் என்பதுதான் முதல் வித்தியாசம். 16ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கத் திருப்பலி, அதாவது அவர்களின் முக்கிய வழிபாடு, லத்தீனில் நடந்தது. குருக்களும் பாடகர் குழுவும் பாட, மக்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ஜெர்மன் பாடல்களை எழுதி, சபையையே பாட வைத்தார். 1524இல் அவை புத்தகங்களாகவும் வந்துவிட்டன. ஆனால் ஆர்கனையோ பாடகர் குழுவையோ அவர் வெளியேற்றவில்லை. பின்னாளில் இசையமைப்பாளர் பாக் வந்தது இந்த மரபில்தான்.

"புராட்டஸ்டண்ட் இசை" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் சிக்கல். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் ஜெனீவாவில் வழிபாட்டில் வாத்தியமே கிடையாது. பைபிளின் சங்கீதப் புத்தகத்திலுள்ள 150 சங்கீதங்களும் பிரெஞ்சுப் பாட்டாக 1562இல் முழுமையாக அச்சாகின. ஆலயத்தில் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடினார்கள், அவ்வளவுதான். சூரிச்சில் சீர்திருத்தவாதி ஸ்விங்லி ஆலயப் பாட்டையே நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் அவர் பல வாத்தியங்கள் வாசித்தவர்! இவர்களோடு வைத்துப் பார்த்தால், இசையில் லூத்தர் கத்தோலிக்க ரோமுக்குத்தான் பக்கம் என்பேன்.

அப்புறம், கத்தோலிக்கர்களிடம் பெரிய மாற்றம் 1960களில் வந்தது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் ஓர் ஆவணத்தின் மூலம் தாய்மொழிக்கு இடம் கொடுத்து, மக்களையும் பாடச் சொன்னது. கிரகோரியன் பாடல் என்ற பழைய லத்தீன் ஆலயப் பாட்டுக்கே முதலிடம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது; ஆனால் பல பங்கு ஆலயங்களில் இன்று அதைக் கேட்பதே அரிது.