வெளிச்சம் எவ்வளவு தூரம் தெரியும்? உபதேசியாரிடம் சில கேள்விகள்

ஸ்தோத்திரம். ‘கிறிஸ்துவின் வெளிச்சத்தில் நடப்பது’ பற்றி வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து வருடம் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஐயா, வருடப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொன்று எடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது: ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ மார்ச்சில் வேலை போய்விட்டது. கர்த்தர் பொய் சொல்வாரா?

மாட்டார், தம்பி. நாம்தான் அட்டையைப் பாதி படிக்கிறோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது! எந்த அச்சகமும் 10-ஆம் வசனத்தை அட்டையில் போடுவதில்லை. போட்டால் யார் எடுப்பார்கள்? அதே கடிதத்தின் 5-ஆம் வசனத்தையும் பாருங்கள்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். நினையாத ஊரில், பிடிக்காத நிலைமையில், அன்றைக்குரிய வேலையைச் செய்யச் சொல்கிறார். அட்டை எடுப்பதில் தப்பில்லை, நானும் எடுக்கிறேன். அதைக் கிளி ஜோசியம் மாதிரி பார்க்காமல், அந்த அதிகாரத்தை முழுதாக உட்கார்ந்து படியுங்கள். அப்புறம் நாளைக்கு யாரிடம் வேலை கேட்கலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. போவதா, அம்மாவோடு இருப்பதா? ஜெபித்தும் தெளிவு இல்லை.

எங்கள் ஊரில் கரண்ட் வராத காலத்தில், விடியற்கால ஜெபத்துக்கு ஆச்சி என்னை அரிக்கேன் விளக்கோடு கூட்டிப்போவாள். விளக்கை முழங்காலுக்குக் கீழேதான் பிடிப்பாள். தூரம் தெரியட்டும் என்று நான் ஒருநாள் முகத்துக்கு நேரே தூக்கினேன். கண் கூசி, காலடியில் கிடந்த கல்கூடத் தெரியவில்லை, தடுக்கி விழுந்தேன். சங்கீதம் 119:105 ‘கால்களுக்குத் தீபம்’ என்று சொல்வது அன்றைக்குப் புரிந்தது. நீங்கள் பத்து வருடத்துக்கு அப்பால் பார்க்கத் தூக்குகிறீர்கள். அம்மாவுக்கு மாத்திரை யார் எடுத்துக்கொடுப்பார்கள், ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். எண்ணாகமம் 9:22-ஐயும் படியுங்கள். வனாந்தரத்தில் வழிகாட்டிய மேகம் இரண்டு நாள் நின்றாலும் ஒரு வருஷம் நின்றாலும் இஸ்ரவேலர் பாளயத்திலேயே இருந்தார்கள். பின்பற்றுவதில் காத்திருப்பதும் சேர்த்திதான்.

யோவான் 8:12-இல் இயேசு ‘நானே ஒளி’ என்கிறார், மத்தேயு 5:14-இல் ‘நீங்கள் ஒளி’ என்கிறார். எது சரி?

இரண்டும். ‘நானே ஒளி’ என்று இயேசு சொன்னது கூடாரப் பண்டிகையை ஒட்டித்தான். அந்தக் காலத்தில் அந்தப் பண்டிகையில், எருசலேம் ஆலயத்தில் ‘பெண்கள் முற்றம்’ என்ற இடத்தில் பெரிய பொன் விளக்குகளை ஏற்றுவார்கள். ஆசாரியர்களின் பழைய உடைகளைக் கிழித்து அவற்றுக்குத் திரி போட்டார்கள் என்று யூதருடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. நைந்துபோன துணிதான் திரி, எண்ணெய் வேறு இடத்திலிருந்து வருகிறது. நம்முடைய பங்கும் அந்தத் துணி அளவுதான்.

கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி இரண்டு பில் புத்தகம் வைத்திருக்கிறார். நான் என்ன செய்ய?

தைரியம் வரும்வரை ஜெபித்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே பல பேரை அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டோம். வேறு இடம் தேடத் தொடங்குங்கள். இந்த வாரமே தனியாக, மரியாதையாக, ‘இரண்டாவது புத்தகத்தை நான் எழுதமாட்டேன் ஐயா’ என்று சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம். வேலை போனாலும் போகலாம், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

நாலு மணிக்கு எழுந்து வேதம் வாசிக்க முடியவில்லை. கைக்குழந்தை இருக்கிறது.

தூங்கும்மா. அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போன இயேசுதான் (மாற்கு 1:35), புயலில் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் (4:38). பால் கொடுக்கும்போது ஒரு சங்கீதம் போதும்.

என் வீட்டுக்காரர் சபையில் சாட்சி சொல்கிறார். வீட்டில் எரிந்து விழுகிறார்.

மத்தேயு 5:15-இல், மரக்காலால் (தானியம் அளக்கிற பாத்திரத்தால்) மூடாத விளக்கு ‘வீட்டிலுள்ள யாவருக்கும்’ வெளிச்சம் கொடுக்கும் என்றுதான் இருக்கிறது. தெருவுக்கு என்று இல்லை. ஆனால் இந்த வசனத்தை நீங்கள் அவரிடம் நீட்டாதீர்கள், சண்டையில் முடியும். அவர் மதிக்கிற ஒரு மூப்பரைப் பேசச் சொல்லுங்கள். கை ஓங்குகிறார் என்றால் விஷயமே வேறு, மகளே. ஜெபக்குறிப்பு எழுதிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்யுங்கள்.