பிரவுசரில் திறக்கும் லாக் வியூவர் ஒன்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கேட்டவர் கம்பஸில் படிக்கிறார். அவர் பங்களிக்கும் திறந்த மூலத் திட்டத்தில் சேர்வர் லாக்குகளை, அதாவது சேர்வர் தனக்குள் நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்புகளை, பிரவுசரிலேயே பார்க்க ஒரு பக்கம் வேண்டுமாம், பிரவுசர் பக்கங்கள் எழுத உதவும் ரியாக்டில் தொடங்குவதா வேறெதிலாவதா என்பது அவர் கேள்வி.

அதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள், எதில் எழுதினாலும் பரவாயில்லை. நானும் இதே வேலையை ஒரு திறந்த மூலத் திட்டத்துக்குச் செய்தேன், வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து, வேலை முடிந்து வந்த இரவுகளில். முதல் பதிப்புக்கு ஒரு சனி ஞாயிறு போதுமாக இருந்தது. கோப்பை முழுதாகப் படித்து பிரவுசருக்கு அனுப்பி ஒரு பெட்டிக்குள் கொட்டினேன், என்னிடம் இருந்த 2 எம்பி சோதனைக் கோப்புக்கு வடிவாக வேலை செய்தது. அப்புறம் ஒருவர் 3 ஜிபி கோப்பைத் திறந்தார், அவருடைய டேப் உறைந்துபோனது.

கோப்பு சேர்வரிலேயே இருக்கட்டும். திரையில் ஒரு நேரத்தில் தெரிவது ஐம்பது அறுபது வரி, அதை மட்டும் அனுப்புங்கள். இதற்கு ஒவ்வொரு ஆயிரமாவது வரியும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொண்டால் போதும். வரிக்கு 150 பைட் என்று வைத்தால் 3 ஜிபியில் ஏறத்தாழ 2 கோடி வரி, அட்டவணையில் 20,000 எண்கள், ஒன்றுக்கு 8 பைட் போட்டாலும் 160 கேபிதான். பிரவுசரின் சொந்த ஸ்க்ரோலை இதற்கு நம்ப வேண்டாம். 2 கோடி வரிக்கு 20 பிக்சல் வீதம் 40 கோடி பிக்சல் உயரம் வரும், அவ்வளவு உயரமான பெட்டியை எந்த பிரவுசரும் ஏற்காது. ஸ்க்ரோல் பட்டையை நீங்களே வரைய வேண்டிவரும்.

சரி, இதெல்லாம் வேகம் பற்றிய கதை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, லாக் வியூவர் பார்ப்பவரிடம் பொய் சொல்லக்கூடாது என்பது. இரவு இரண்டு மணிக்கு சேர்வர் விழுந்து கிடக்கும்போது அந்தத் திரையை மட்டும் நம்பித்தான் ஒருவர் முடிவெடுப்பார்.

எங்கள் லாக்கில் பாவனையாளர் கொடுத்த ஊர்ப் பெயரும் விழும். ஒருநாள் ‘கொழும்பு’ என்ற சொல்லின் நடுவில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அடையாளம் வந்து நின்றது. கோப்பைத் திறந்து பார்த்தால் சொல் சரியாகவே இருக்கிறது, பக்கத்தை மறுபடி ஏற்றினால் அந்தச் சொல் சரியாகிவிடுகிறது, வேறொரு வரி கெடுகிறது. இரண்டு இரவு போனது இதற்கு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள், ஆகவே ‘கொழும்பு’ மொத்தம் 24 பைட். நான் 64 கேபி துண்டுகளாகப் படித்து ஒவ்வொரு துண்டையும் தனியாக எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தேன். துண்டு முடியும் இடம் ஒரு ‘ம’வின் நடுவில் விழுந்தால் ஒரு பைட் இங்கே, இரண்டு பைட் அங்கே, எந்தப் பக்கமும் எழுத்தாகாது. வெறும் ஆங்கில லாக்கை வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது, அங்கே எழுத்துக்கு ஒரு பைட்தானே. பைட்டாகவே வைத்திருந்து கடைசி வரிமுறிவு வரைக்கும் மட்டும் எழுத்தாக்குங்கள், மிச்சத்தை அடுத்த துண்டின் முன்னால் ஒட்டுங்கள். வரிமுறிவின் பைட் வேறொரு எழுத்துக்குள் ஒளிந்திருக்க யூடிஎஃப்-8 இடம் தராது, அதனால் இது ஒருபோதும் தவறாது. உங்கள் சோதனைக் கோப்பில் தமிழும் சிங்களமும் கட்டாயம் இருக்கட்டும், சிங்களத்துக்கும் 3 பைட்தான்.

அடுத்தது அமைதி. லாக் கோப்பு பெருக்காமல் பார்த்துக்கொள்ளும் லாக்ரொட்டேட் என்ற கருவி ஓடும்போது பழைய கோப்பின் பெயரை மாற்றிவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்று தொடங்கும். உங்கள் நிரல் பழையதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், அதில் இனி எதுவும் வராது. எனக்கு இது நடந்தது. திரையில் ஒரு பிழையும் வரவில்லை, எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நம்பிப் படுத்தேன், விடிய எழும்பி, கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கட்டளை போட்டுப் பார்த்தால் தரவுத்தள இணைப்பு அறுந்த செய்தி வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரில் உள்ள கோப்பின் ஐநோட் எண் (பெயர் எதுவானாலும் ஒவ்வொரு கோப்புக்கும் இயங்குதளம் கொடுக்கும் எண்) மாறியதா என்று அடிக்கடி பாருங்கள். கோப்பின் அளவு நீங்கள் படித்து முடித்த இடத்தைவிடக் குறைந்திருந்தால் அதை யாரோ வெட்டியிருக்கிறார்கள், தொடக்கத்திலிருந்து படியுங்கள். ‘கடைசி வரி வந்து 4 நிமிடம்’ என்று திரையின் மூலையில் காட்டுங்கள், லாக் சும்மா இருக்கிறதா இணைப்புப் போய்விட்டதா என்று பார்ப்பவருக்கு விளங்க வேண்டும்.

நேரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேர்வர் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், 18:42 என்று எழுதியது நமக்கு அடுத்த நாள் 00:12, ஆகவே தேதியை வைத்து வடிகட்டினால் தேடுகிற வரி கிடைக்காது. இரண்டு நேரத்தையும் காட்டுங்கள். ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டவே வேண்டாம், இலங்கையே 1996இல் இரண்டு தரமும் 2006இல் ஒரு தரமும் மணிக்கூட்டை மாற்றிய நாடு. நேர வலயத் தரவுத்தளத்தில் கொழும்பின் பெயரிலேயே ஒரு பதிவு இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

புது வரிகளை உடனுக்குடன் அனுப்ப, இரு பக்கமும் பேசும் வெப்சாக்கெட் இணைப்பு தேவையில்லை. லாக் ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது, சேர்வர் மட்டும் பிரவுசருக்கு அனுப்பும் சேர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போதும். ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணாக அந்த வரியின் பைட் இடத்தையே போடுங்கள். கோட்டைக்கு ரயிலில் போகும்போது சிக்னல் அறுந்து திரும்ப வந்தால் பிரவுசர் தானாகவே அந்த எண்ணோடு இணையும், நீங்கள் விட்ட இடத்திலிருந்து அனுப்பலாம். உங்கள் நிரலுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் இருந்தால் அதன் பஃபரிங்கை, அதாவது சேர்த்துவைத்து அனுப்புவதை, நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வரிகள் தேங்கித் தேங்கி வரும்.

பாதுகாப்பையும் தள்ளிப்போடாதீர்கள். லாக்கில் இருப்பதில் பாதி வெளியாள் அனுப்பியது. யாராவது தன் பிரவுசரின் பெயராக ஒரு ஸ்கிரிப்ட் டேக்கை, அதாவது பிரவுசர் ஓட்டும் நிரல் துண்டை, அனுப்பலாம், அதை எச்டிஎம்எல்லாக ஒட்டினால் உங்கள் நிர்வாகியின் திரையில் ஓடும். வெறும் எழுத்தாக மட்டும் போடுங்கள். கோப்பின் பெயரை முகவரியிலிருந்து அப்படியே எடுக்காமல், திறக்க அனுமதித்த கோப்புகளின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் ஓடிய பிறகு, ஒரு வரியைக் கிளிக் செய்தால் அந்த வரிக்கே போகும் இணைப்பு நகலாக வேண்டும். எங்கள் திட்டத்தில் ஆட்கள் நாலு நாட்டில் இருக்கிறார்கள், ‘கீழே போங்கள், இன்னும் கொஞ்சம் கீழே’ என்று கதைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இதனால் மிச்சமானது. இணைப்பில் பைட் இடத்தோடு ஐநோட்டையும் சேருங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு லாக்ரொட்டேட் ஓடியதும் அதே இணைப்பு வேறு வரியைக் காட்டும்.