"அம்மா, நான் குண்டா?"

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகளுக்கு 10 வயது, ஐந்தாம் ஆண்டு. உயரம் 140 சென்ரிமீற்றர், நிறை 42 கிலோ. போன மாதம் ஒரு சாமத்திய வீட்டில் சொந்தக்கார மாமி ஒருவர் எல்லோருக்கும் முன்னால், 'என்ன பிள்ளை இப்பிடி ஊதிப் போனாய், சோத்தைக் குறை' என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே திரும்பி வருகிறது. இரவில் 'அம்மா, நான் குண்டா?' என்று கேட்கிறாள். உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? சோற்றை நிறுத்தலாமா?"

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நீங்கள் தந்த அளவுகளின்படி மகளின் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு நிறை பொருந்துகிறதா என்று காட்டும் எண்) 21.4. ஃபோனில் பார்த்தால் 25க்குக் குறைவு, பிரச்சினை இல்லை என்று காட்டும். அது பெரியவர்களுக்கான எல்லை. பிள்ளைகளுக்கு வயதையும் ஆண், பெண் என்பதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 10 வயதுச் சிறுமிக்கு 19க்கு மேல் அதிக நிறை, 22.6க்கு மேல் உடற்பருமன். ஆக மகளுக்கு நிறை கொஞ்சம் கூடத்தான், ஆனால் பருமன் என்று சொல்லும் அளவில் இல்லை.

அவள் நிறை குறைய வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு வருடத்தில் 6 சென்ரிமீற்றர் வளர்ந்து, நிறை அதே 42இல் நின்றால், சுட்டி 19.7. பதினொரு வயதுக்கான எல்லை 19.9, அதற்குள் வந்துவிடுகிறாள். பருவமடையும் வயது என்பதால் நிறை ஓரளவு கூடினாலும் தவறில்லை, மெதுவாகக் கூடினால் போதும். அதனால் சோற்றை நிறுத்த வேண்டாம்.

எனக்கு 42 கிலோவைவிடத் திரும்பி வரும் அந்தப் பெட்டிதான் கவலை. மதியம் பட்டினி கிடக்கும் பிள்ளை ரியூஷன் முடிந்து வரும்போது இரண்டு ரோல்ஸும் ஒரு சோடாவுமாகச் சரிக்கட்டிவிடும். அமெரிக்காவின் மினசோட்டாவில் பதின்வயதினரிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெற்றோர் நிறையைப் பற்றிப் பேசிய வீடுகளில் பட்டினி போன்ற தவறான வழிகளில் இறங்கிய பிள்ளைகள் அதிகம். நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு.

சரி, அவளுக்கு என்ன பதில் சொல்வது? "சீ, நீ வடிவுதானே" என்றால் கதை அதோடு முடிந்துவிடும், அவள் மனதில் இருப்பது வெளியே வராது. "ஏன் பிள்ளை, ஆரும் ஏதும் சொன்னவையா?" என்று கேளுங்கள். மாமியின் கதை வரும். பள்ளிக்கூட வானில் யாரோ வைத்த பட்டப்பெயரும் வரலாம். கேட்டுவிட்டு, "மாமி அப்பிடிச் சொன்னது பிழை. அங்கேயே நான் தடுத்திருக்க வேணும்" என்று சொல்லுங்கள். பிறகு: "உன்ர உடம்பு வளருற உடம்பு. நாங்கள் எல்லாரும் நல்லாச் சாப்பிட்டு, கொஞ்சம் ஓடி ஆடித் திரிவம்." இதில் பொய் இல்லை, குண்டு என்ற சொல்லும் இல்லை.

அந்த மாமியை அடுத்த கலியாண வீட்டில் கண்டால், "பிள்ளையின்ர உடம்பைப் பற்றிக் கதைக்க வேண்டாம் மாமி" என்று பிள்ளை கேட்கவே சொல்லுங்கள். (உடனே புலமைப்பரிசில் பரீட்சை எப்படி என்று கேட்பார். அது வேறு தலையிடி.) கண்ணாடி முன் நின்று "சட்டை இறுக்குது, நானும் பெருத்திட்டன்" என்று நீங்கள் முணுமுணுப்பதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

மாற்றம் வீடு முழுவதற்கும் பொது. தம்பிக்குப் பட்டிஸ், அக்காவுக்குக் குரக்கன் புட்டு என்றால் அது தண்டனை. என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளிடம் விடுங்கள். அப்பம்மாவின் "இன்னும் ஒரு பிடி" இங்கேதான் நிற்க வேண்டும்.

குறைப்பது என்றால் இனிப்புப் பானங்களில் தொடங்குங்கள். பால்மாவைக் கரைத்துச் சீனியும் போட்டுக் கொடுக்கும் பால் ரீயும் இதில் சேர்த்திதான். இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறது. கடையில் அதைத் தேடிப் பார்க்கும் வேலையை மகளிடமே கொடுங்கள். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி இருந்தால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம், ஏறக்குறையப் பத்துத் தேக்கரண்டி. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது சின்னக் கணக்கு.

ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடலசைவு தேவை, ஒரே தடவையில் வேண்டியதில்லை. ரியூஷனுக்கு நடந்து போகலாம், ஞாயிறு காலிமுகத்திடலில் பட்டம் விடலாம். "நிறை குறைய நட" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வயதில் 9 மணி நேரமாவது நித்திரை வேண்டும். பரீட்சை வருடத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

கழுத்துப் பின்புறம், கமக்கட்டு கறுத்துத் தடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அழுக்கு என்று நினைத்துத் தும்பால் தேய்த்துச் சிவக்க வைத்துக் கூட்டிவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தேய்த்தால் போகாது, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அதோடு பலத்த குறட்டை, ஓயாத தாகம், முழங்கால் அல்லது இடுப்பு நோவு இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாகச் சாப்பாட்டை ஒதுக்கினாலும், சாப்பிட்ட பின் வாந்தி எடுத்தாலும் அப்படித்தான்.

வீட்டில் தராசு இருந்தால் அலுமாரிக்கு மேலே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் சேர்த்து அளந்தால் போதும். நாளைக்குப் பெட்டியில் என்ன வைப்பது என்று இன்றிரவு அவளிடமே கேளுங்கள்.