தோட்டத்துப் பிள்ளைகளோடு கடற்கரையில் ஓர் இரவு: எங்கே போவது, எப்படித் தங்குவது?

கேள்வி கேட்டவர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பாடாங் செராய்க்காரர். கோயில் இளைஞர் குழுவில் இருக்கும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் காட்டு வழியாக நடத்திக் கூட்டிப்போய், கார் போகாத ஒரு கடற்கரையில் ஒரு ராத்திரி தங்க வைக்க நினைக்கிறார். எந்த இடம், படகில் போவதா நடப்பதா என்பது அவர் கேள்வி. நானும் இதே ஊர்தான். பினாங்கு தேசியப் பூங்காவில் இருக்கும் கெராச்சுட் கடற்கரைக்குப் போங்கள். போகும்போது கட்டாயம் நடந்தே போங்கள்.

வழி சுலபம். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனில் இறங்கினால், 101ஆம் எண் பேருந்து பத்து ஃபிரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். பூங்கா வாசல் அங்கேதான். முன்பு பந்தாய் ஆச்சே வனக் காப்பாக இருந்த இடம், 2003இல் தேசியப் பூங்கா ஆனது. வாசலில் பெயர் பதிய வேண்டும், கூடாரம் போடத் தனி அனுமதி வேண்டும். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ பாதையை மூடிவிடுவார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பே அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

கொஞ்ச தூரம் கரையோரமாகப் போன பிறகு பாதை இரண்டாகப் பிரியும். நேரே போனால் தெலுக் டுயோங் கடற்கரை, அதற்கு மேலே 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இடப்பக்கம் மேட்டில் ஏறினால் கெராச்சுட். மூட்டையோடு நடக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். விலை உயர்ந்த சப்பாத்து எதுவும் வேண்டாம். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போட்டுப்போன அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, இப்போது 'கம்போங் அடிடாஸ்' என்கிறார்களே, அதுதான் ஈர வேரிலும் களிமண்ணிலும் வழுக்காது. ஒரு எண் பெரிதாக வாங்கி, தடித்த காலுறை போட்டால் போதும். அட்டைக்குப் பயப்படும் பிள்ளைகளிடம் காலுறை மேல் சவர்க்காரத்தைத் தேய்க்கச் சொல்லுங்கள்.

ஏன் நடக்கச் சொல்கிறேன் என்றால், படகில் போகிறவர்கள் ஸ்பீக்கர், ஐஸ் பெட்டி, பெரிய விளக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கெராச்சுட்டுக்கு அது ஆகாது. அது பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை. மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் அந்தக் கரையிலேயே இருக்கிறது. பகலில் அங்கே போய்ப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு இதை முந்தின வாரமே சொல்லி வைக்க வேண்டும். ஆமை ராத்திரியில் கரையேறும். மணலில் வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். சுமார் நூறு முட்டை, ஏறக்குறைய இரண்டு மாதம் மணலுக்குள் இருக்கும். வெளியே வரும் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். கரையில் டார்ச் அடித்தால் அது நம் கூடாரத்தைப் பார்த்து வரும். அப்புறம் நண்டுக்கும் உடும்புக்கும்தான் இரை. மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகிறது என்பதால், மணலில் நெருப்பு மூட்டும் பேச்சே வேண்டாம். சின்ன கேஸ் அடுப்பு போதும். நெற்றி விளக்குகளுக்குக் கோயில் அலங்காரத்துக்கு வாங்கும் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள். அதையும் முகாமுக்குள் மட்டும்தான் போட வேண்டும். பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்தால் கண் பழகிவிடும், அலையின் நுரைகூடத் தெரியும். "அண்ணே, டார்ச் இல்லாமலே தெரியுதே" என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

கூடாரத்தை மணலில் போடாமல் மரத்தடியில் முகாமுக்கென்று ஒதுக்கிய இடத்தில் போடுங்கள். ஆமைக்காக மட்டும் சொல்லவில்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். நிலா வெளிச்சத்துக்காகப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்னொன்று காற்று. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் இருந்து விடியற்காலையில் 'சுமத்ரா' என்ற புயல்காற்று திடீரென்று வரும். நல்ல நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்கியவர்கள் நாலு மணிக்குக் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். மண் இளகலாக இருந்தால் முளைக்கம்பி நிற்காது. அரிசிப் பையில் மண்ணை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழம் புதையுங்கள். பட்டுப்போன கிளைக்குக் கீழே மட்டும் போடாதீர்கள். என்னைக் கேட்டால் மழை குறைவான ஜனவரி, பிப்ரவரிதான் முதல் தடவைக்கு நல்லது. செப்டம்பர், அக்டோபர் வேண்டவே வேண்டாம்.

கடலில் இறங்கவும் விடாதீர்கள். நீரோட்டம் ஒரு பக்கம், ஜெல்லி மீன் இன்னொரு பக்கம். பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. ஒரு போத்தல் வினிகர் கையில் இருக்கட்டும். கொட்டிய இடத்தில் தேய்க்காமல் அதை ஊற்றிக்கொண்டே ஆளை வெளியே கொண்டுபோகப் பாருங்கள். கைப்பேசியில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான். அப்போது இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. நிலம் அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ சாமானை விட்டுவிட்டு வந்த மேட்டில் ஏற வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு ராத்திரிக்குப் புளிச்சோறும் நெத்திலி சம்பலும், காலையில் ரொட்டியும் மைலோவும். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே குரங்கு வந்துவிடும், மூடி போட்ட வாளியில் வையுங்கள். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. காலில் வெட்டு, கீறல் இருப்பவர்கள் ஓடையில் இறங்கவும் கூடாது, எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

திரும்பும்போது பிள்ளைகள் களைத்திருப்பார்கள், படகு எடுப்பதில் தப்பில்லை. தெலுக் பஹாங் படகுக்காரரிடம் முந்தின நாளே நேரம் பேசிவிடுங்கள். கடல் சரியில்லை என்றால் அவர் வர மாட்டார், வந்த வழியே நடக்க வேண்டியதுதான். அதற்காக ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் கடைசி வரை தொடாமல் வையுங்கள்.