துரைசானியின் சாணித் தரை

அன்புள்ள ஐயா,

என் அப்பா கணக்கு வாத்தியார், அம்மா நர்ஸ். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 62 வயது. போன வருடம் எங்கள் சபை மூலமாக இரண்டு வருட ஊழியத்துக்கு போட்ஸ்வானாவில் ஒரு சிற்றூருக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸப்பில் கூப்பிடுவார்கள். பேச்சில் ஊழியத்தைப் பற்றி ஒன்றுமே இருக்காது. முட்டைக்கோஸ் விலை, துவைத்துப் போட்ட துணியில் படியும் செம்மண் தூசி என்று அம்மா பேசிக்கொண்டே போவார். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டிய கதையை அப்பா அரைமணி நேரம் சொல்வார்.

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில், ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரி ராபர்ட் மோபட்டின் கதை கேட்டிருக்கிறேன். சிங்கங்கள், முரட்டுத் தலைவர்கள், வேதாகம மொழிபெயர்ப்பு. அதுவல்லவா மிஷனரி வாழ்க்கை? முட்டைக்கோஸ் வாங்க இந்த வயதில் இத்தனை தூரம் போக வேண்டுமா? அடுத்தவர் நாட்டில் மதம் பரப்புவது சரியா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. என் மகளுக்கு இரண்டு வயது, மனைவியும் வேலைக்குப் போகிறாள். இருவரையும் திரும்பி வரச் சொல்லலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்,

குடும்ப விவகாரங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. கடிதத்தில் மோபட் பெயர் இருந்ததால் மாட்டிக்கொண்டேன். போன மாதம் பரணை ஒழித்தபோது எங்கள் ஊர்ச் சபையின் பழைய சிறப்பு மலர் ஒன்று கையில் கிடைத்தது. அன்றிலிருந்து மனசு சரியில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்தவர் நாட்டில் மதம் பரப்புவது சரியா என்பது பெரிய கேள்விதான். ஆனால் அது உங்கள் கேள்வி இல்லை. தராசில் எடை குறைந்ததென்று நீங்கள் எடுத்துவைத்த கல் அது. உங்கள் கடிதத்தின் சாரமே கடைசிக்குக் கொஞ்சம் முந்தின வரிதான்: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. இதை நேராகச் சொல்லியிருந்தால் உங்கள்மேல் மரியாதை கூடியிருக்கும். சென்னையில் நம்பிக்கையான ஓர் ஆயா கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். அதற்காக 140 வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன மோபட்டை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

இழுத்ததும் பாதி மோபட்டைத்தான். மீதிப் பாதியின் பெயர் மேரி ஸ்மித். இங்கிலாந்தில் ஒரு நாற்றுப்பண்ணைக்காரரின் மகள். அந்தப் பண்ணையில் வேலைக்கு வந்த தோட்டக்காரப் பையன்தான் ராபர்ட். அவன் 1816இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். பின்னாலேயே போக மேரியின் வீட்டில் சம்மதம் கிடைக்க வருடங்கள் ஆயின. கடைசியில் கேப்டவுனுக்குத் தனியாகக் கப்பல் ஏறி வந்து 1819 டிசம்பரில் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அனுப்பியது லண்டன் மிஷன். எங்கள் நாகர்கோவிலுக்கு மிஷனரி மால்ட் ஐயரையும் அவர் மனைவியையும் அதே வருடம் கொண்டுவந்து சேர்த்த அதே மிஷன்.

மேரி தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று எனக்கு மனப்பாடம் என்றே சொல்லலாம். அதில் சிங்கம் இல்லை, மாட்டுச்சாணி இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டுத் தரை முழுக்கச் சாணி மெழுகுகிறோம், கேட்டால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும் என்கிறார். வந்த புதிதில் இந்த அசிங்கம் இல்லாமலே காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தாராம். முடியவில்லை. தூசியை அடக்கவும் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கவும் அதைப்போல் வேறொன்று இல்லை. தண்ணீரில் கரைத்து எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாகப் பூச வேண்டும் என்று பக்குவமும் சொல்கிறார். பிறகு ஒன்று எழுதுகிறார். ஊரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய கூடத்தைப் பார்த்தால் வருமே ஒரு நிறைவு, அதே நிறைவு இந்தத் தரையைப் பார்த்தாலும் வருகிறதாம்.

துரைசானி சாணி மெழுகினாள் என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் பாட்டி மெழுகிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காவல் காப்பாள். ஈரம் காய்வதற்குள் நாங்கள் யாராவது கால் வைத்தால் விளக்குமாறு பறந்து வரும். கரைசல் கெட்டியானால் காய்ந்ததும் பொருக்கு விடும், நீர்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும். அந்தப் பதம் அவள் கைக்குத்தான் தெரியும். அங்கே மேரிக்கு அந்தப் பதம் பிடிபட எத்தனை சனிக்கிழமை ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நீங்கள் படித்த மோபட் கதையில் இது கிடையாது. வேதாகமம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். புதிய ஏற்பாடு 1840இல் அச்சானது, முழு வேதாகமமும் அங்கத்து மக்கள் பேசும் ட்ஸ்வானா மொழியில் 1857இல் முடிந்தது. அந்த வேலைக்கு நடுவில் அவர் தச்சராகவும் கொல்லராகவும் தோட்டக்காரராகவும் இருந்தார். வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரை மேலே இருந்த பெண்கள் தங்கள் வயலுக்குத் திருப்பிவிடுவார்கள். அவரும் கூட்டாளி ஹாமில்டனும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துவிட்டு வருவார்கள். மறுநாள் மறுபடியும் திறந்திருக்கும். கால்வாய்ப் பாசனத்து ஊர்க்காரனான எனக்கு இந்தச் சண்டையை யாரும் விளக்கத் தேவையில்லை. உங்கள் அப்பா மோட்டாரைக் கழற்றி மாட்டுவதை ஊழியம் இல்லை என்கிறீர்கள். ஊழியம் என்றால் என்னவென்று நினைத்தீர்கள், காலை முதல் ராத்திரி வரை மேடையில் நிற்பதா?

இப்போது அந்த மலர். நான் படித்த காலத்தில் எங்கள் சபை பங்களாவில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள். சாயிப்பு குனிந்த தலை நிமிராமல் சைக்கிளில் போவார். துரைசானி பின்வாசல் படியில் உட்கார்ந்து மீன்காரியோடு மல்லுக்கட்டுவார். சாளையின் செவுளைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்து, “இது நேத்தைக்க மீன்லா?” என்பார். மீன்காரி தலையில் அடித்துக்கொண்டு கர்த்தர்மேல் சத்தியம் செய்வாள். “கர்த்தரை விடு, மீனைப் பேசு” என்பார். எங்கள் அம்மா அவரிடம்தான் தையல் படித்தாள்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிப் பல வருடம் கழித்து, சபை மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். எனக்கு 22 வயது, எழுத்தாளன் என்ற மிதப்பு வேறு. சாயிப்பைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதினேன். துரைசானிக்கு ஒரு வரி: “அன்னாரது அருமைத் துணைவியாரும் உடனிருந்து ஊழியத்துக்கு உதவினார்.” அச்சாகி வந்ததும் பெருமையாக அம்மாவிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தாள். மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: “லேய், பதினோரு நாளு கஞ்சி இல்லாம கெடந்தா அந்த மனுசன் பிரசங்கம் பண்ணியிருப்பாராலே?” நான் ஏதோ பெரிய வார்த்தை பேசிச் சமாளித்தேன். அந்த மலரில் அந்த அம்மாவின் பெயர்கூட இல்லை என்பதைப் போன மாதம்தான் கவனித்தேன். அம்மாவிடம் கேட்கலாமென்றால் அவளும் இல்லை. நானும் எழுதிப் பிழைப்பவன்தான், எனக்கே அந்தப் பெயர் தெரியவில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. உங்கள்மேல் பாதி, என்மேல் மீதி. அம்மா முட்டைக்கோஸைப் பற்றித்தான் பேசுகிறார் என்று குறைப்படுகிறீர்கள். அறுபது வயதுக்கு மேல் தெரியாத பாஷை பேசும் சந்தைக்குப் போய், “துமேலா, ம்மா” என்று வணக்கம் சொல்லி, விரல்விட்டு விலை பேசி ஒரு முட்டைக்கோஸை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது லேசுப்பட்ட காரியமா? நீங்கள் வேலைக்குப் போகும் ஓ.எம்.ஆரில் இறங்கிக் கீரை வாங்கியிருக்கிறீர்களா?

மேரி மோபட் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். மூத்த மகளை, ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகப் பயணம் போன மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனுக்குக் கட்டிக்கொடுத்தார். கர்ப்பிணியான மகளையும் குழந்தைகளையும் மறுபடி பாலைவனத்துக்குள் இழுத்துப்போகப் போகிறார் மருமகன் என்று 1851இல் தெரியவந்ததும் ஒரு கடிதம் எழுதினார் பாருங்கள். ஒரு குழந்தையைப் பறிகொடுத்தது போதாதா, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று மருமகனை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். நம் ஊர் மாமியார் தோற்றாள். லிவிங்ஸ்டன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டார், ஆனால் சொன்னதைக் கேட்கவில்லை.

இன்னொன்று. மோபட் தம்பதி ஊழியம் செய்த குருமன் என்ற ஊரில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறாத காலத்தில், என்ன அனுப்பட்டும் என்று இங்கிலாந்திலிருந்து ஒரு சிநேகிதி கேட்டார். திருவிருந்துப் பாத்திரங்கள் அனுப்பு, ஒருநாள் தேவைப்படும் என்று மேரி எழுதினார். 1829இல் முதல் திருவிருந்து நடக்கும் சமயத்துக்குச் சரியாக அவை வந்து சேர்ந்தன. பிரசங்கிகள் இதை விசுவாசம் என்பார்கள். வீட்டில் பண்டிகைக்கு முன்கூட்டியே பாத்திரம் சேர்க்கிற பெண்ணின் புத்தியும் அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மோபட் தம்பதி 1870இல், எழுபத்தைந்தை நெருங்கும் வயதில் இங்கிலாந்து திரும்பினார்கள். 1871 ஜனவரியில் மேரி இறந்துபோனார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, வயது அப்படி. உங்கள் அம்மாவுக்கு 62தான், அதுவும் நர்ஸ். இன்னும் ஒரு வருடம்தானே பாக்கி? ஆயாவைத் தேடுங்கள்.

எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். ட்ஸ்வானாப் பெண்கள் முற்றத்தில் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, ஈரத்திலேயே விரலால் கோடு இழுத்துக் கோலம்போல் வரைவார்கள் என்று படித்திருக்கிறேன். உங்கள் பெற்றோர் இருக்கும் ஊரில் இப்போதும் அந்த வழக்கம் இருக்கிறதா, எல்லாம் சிமெண்ட் ஆகிவிட்டதா? வருகிற ஞாயிறு அம்மா கூப்பிடும்போது கேளுங்கள். படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அப்படியே அம்மாவின் பெயரையும் எழுதுங்கள். கடிதத்தில் எங்கேயும் இல்லை.