தத்தெடுத்த மஸ்டாங் கிட்டே விடமாட்டேன் என்கிறதா?

நெவாடாவில் ரீனோவுக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கிக் குடியேறிய வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பி.எல்.எம். என்று அங்கே எல்லோரும் சொல்லும் அரசாங்க நில மேலாண்மைத் துறையிடமிருந்து மஸ்டாங் என்று சொல்லும், அமெரிக்காவின் மேற்கே காட்டில் திரியும் குதிரைகளில் மூன்று வயதுப் பெட்டை ஒன்றைத் தத்தெடுத்து, அரை ஏக்கர் வேலிக்குள் விட்டிருக்கிறார். மூன்று வாரம் ஆகிவிட்டது. பத்தடிக்குள் போனாலே ஓடுகிறது, கேரட் நீட்டினால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரோ கழுத்தில் சுருக்குப் போட்டுக் கம்பத்தில் கட்டினால் ஒரே நாளில் அடங்கிவிடும் என்கிறாராம். அப்படிச் செய்யலாமா, இல்லையென்றால் எப்போது தொடுவது, எப்போது ஏறுவது என்று கேட்கிறார்.

கம்பத்தை மறந்துவிடுங்கள். கழுத்தில் கயிறு இறுகினால் குதிரை முன்னால் வராது, முழு பலத்தோடு பின்னால்தான் இழுக்கும். அப்படி இழுத்துக் கழுத்து எலும்பு பாதிக்கப்பட்ட குதிரைகள் உண்டு. கடைசியில் அது அசையாமல் நிற்கும்தான், ஆனால் மனிதனால் ஆபத்தில்லை என்று புரிந்து நிற்பதில்லை, என்ன செய்தாலும் பயனில்லை என்று கைவிட்டு நிற்கிறது. அந்தப் பயம் பின்னால் சேணம் போடும் அன்றைக்கோ லாடக்காரர் காலைத் தூக்கும் அன்றைக்கோ வெடிக்கும். இன்னொன்று, முதல் ஒரு வருடம் முடிந்து உரிமைப் பத்திரம் உங்கள் கைக்கு வரும்வரை அந்தக் குதிரை சட்டப்படி அரசாங்கத்தின் சொத்து. அதைத் துன்புறுத்தினால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உங்கள் குதிரை மனிதர்களைப் பற்றி இதுவரை என்ன தெரிந்துகொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஹெலிகாப்டர் துரத்தி, கூட்டத்திலிருந்து பிரித்து, இரும்புக் கூண்டில் நெருக்கி, ஊசி போட்டு, கழுத்தின் இடப்பக்கம் திரவ நைட்ரஜனில் குளிரவைத்த அச்சால் முத்திரை குத்தியிருப்பார்கள். இரண்டு கால் பிராணி பக்கத்தில் வந்தபோதெல்லாம் அதற்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. இத்தனைக்கும் மஸ்டாங் எல்லாம் வீட்டுக்குதிரையின் வம்சம்தான், ஸ்பானியர்கள் கொண்டுவந்தவையும் பண்ணைகளிலிருந்து தப்பியவையும் விட்டுவிடப்பட்டவையும் பெருகியவை. நம் கோடியக்கரை மட்டக்குதிரைகளும் நெடுந்தீவுக் குதிரைகளும் இதே கதைதான். ஆகவே மனிதரோடு வாழ்வதற்கான குணம் ரத்தத்திலேயே இருக்கிறது, அனுபவம்தான் தலைகீழாக இருக்கிறது.

கேரட் விஷயம் சுலபம். புதர்ச் செடியும் வறட்டுப் புல்லும் மேய்ந்து வளர்ந்ததற்குக் கேரட் தின்னும் பொருள் என்றே தெரியாது. தானியம், ஆப்பிள் எல்லாமே அப்படித்தான். பி.எல்.எம். பட்டியில் என்ன உலர்புல் தின்றதோ அதையே போடுங்கள். குதிரைமசால் கொடுப்பதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், திடீரென்று நிறையப் போட்டால் வயிற்று வலி வந்துவிடும். புல்லைப் போட்டுவிட்டு ஓடிவராமல், தள்ளி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது படியுங்கள், அதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காட்டில் வளர்ந்த குதிரைக்குச் சாட்டையோ கயிறோ தேவையே இல்லை, நீங்கள் நேராகப் பார்ப்பதும் நேராக நடந்து வருவதுமே போதுமான அழுத்தம். அந்த அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் குதிரை பாடமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் போகிறீர்கள், அது ஓடுகிறது, நீங்கள் அலுத்துப்போய்த் திரும்பி வந்துவிடுகிறீர்கள். மூன்று வாரமாக அதற்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது இதுதான்: ஓடினால் மனிதன் போய்விடுவான்.

இதை மாற்ற வேண்டும். அது நின்று உங்களைப் பார்க்கும்போது, ஒரு காதாவது உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்போது, நீங்கள் கண்ணைத் தாழ்த்தி இரண்டடி பின்னால் போக வேண்டும். அது கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் நின்றுவிட வேண்டும். பன்னிரண்டடியில் கழுத்து விறைக்கிறது என்றால் பதின்மூன்றடியில் நின்று திரும்பி வாருங்கள். நன்றாகத்தானே போகிறது, இன்னும் ஓரடி வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும் பாருங்கள், பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்வது அங்கேதான். ஓட ஆரம்பித்துவிட்டதா, துரத்தவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம். இருந்த இடத்தில் தளர்வாக நில்லுங்கள், அது நின்று திரும்பிப் பார்த்ததும் பின்வாங்குங்கள். ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும்.

போகும்போது முகத்துக்கு நேராகவும் போகாதீர்கள், பின்னாலிருந்தும் போகாதீர்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது, மற்றபடி கிட்டத்தட்ட முழு வட்டமும் தெரியும். தோளைக் குறிவைத்துச் சாய்வாகப் போங்கள். தோளுக்குப் பின்னால் நீங்கள் நகர்ந்தால் அது முன்னால் ஓடும், தோளுக்கு முன்னால் நகர்ந்தால் நிற்கும் அல்லது திரும்பும். இது கைவந்துவிட்டால் கயிறில்லாமலே அதை நடத்தலாம்.

அரை ஏக்கரில் இதெல்லாம் நடக்காது. ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடி, வளர்ந்த குதிரையென்றால் 6 அடி உயர வேலி என்று பி.எல்.எம். விதியே இருக்கிறது. பழகும்வரை அந்த மாதிரிச் சின்னப் பட்டிதான் சரி, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. முள்கம்பி கூடவே கூடாது. மூலையில் மட்டும் நெருக்காதீர்கள், தப்ப வழியில்லாத குதிரைதான் உதைக்கும். பக்கத்துக்காரரிடம் சாதுவான குதிரை ஏதாவது இருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கட்டச் சொல்லுங்கள். கூட்டத்தில் வாழ்ந்ததற்குத் தனிமை பெரிய நடுக்கம், இன்னொரு குதிரை உங்களைக் கண்டு பதறாமல் புல் தின்பதைப் பார்ப்பதே பாதிப் பாடம். அவருடைய யோசனையைவிட அவருடைய குதிரை உங்களுக்கு உபயோகப்படும்.

முதல் தொடுதலுக்கு ஒரு நீளமான மூங்கில் கழி வாங்குங்கள். மஸ்டாங் பழக்குபவர்களிடம் ரொம்ப நாளாக இருக்கும் முறை இது. கழியின் நுனியால் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டை மெதுவாகத் தொட்டுச் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அது அசையாமல் நிற்கும்போதே கழியை எடுத்துவிடுங்கள், அப்புறம் மறுபடி. நாளாக நாளாகக் கழியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் உங்கள் கையே அங்கே இருக்கும். இடப்பக்கம் பழகியது வலப்பக்கத்துக்கு அப்படியே முழுதாகச் செல்லாது, அங்கே முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

குதிரை நாக்கைச் சப்பி வாயை மென்றால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று வீடியோக்களில் சொல்வார்கள். நான் அதை அவ்வளவு நம்புவதில்லை. பதற்றம் இறங்கும்போது வரும் அசைவு அது, அடிக்கடி பார்க்கிறீர்கள் என்றால் அடிக்கடி பதற வைக்கிறீர்கள் என்றும் அர்த்தம். தலை தாழ்வதையும், மூச்சு நீளமாக வருவதையும், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்பதையும் பாருங்கள். காதுகள் பின்னால் படிந்து பிட்டம் உங்கள் பக்கம் திரும்பினால் உடனே விலகுங்கள்.

தொட விட்டதும் ஹால்டர், அதாவது தலையில் மாட்டிக் கயிறு கோக்கும் வார், அதற்கடுத்து கால். ஏறுவதைப் பற்றிக் கேட்டீர்கள், நான் குளம்பைப் பற்றித்தான் கவலைப்படுவேன். மலைப்பாங்கான காட்டில் பாறையில் தானாகத் தேயும் குளம்பு உங்கள் மெத்தென்ற மண்ணில் வளர்ந்துகொண்டே போகும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். தொட விடாத குதிரையிடம் எந்த லாடக்காரரும் வரமாட்டார். அதனால் காலையும் கழியில் ஆரம்பித்து, கையால் தடவி, ஒரே ஒரு நொடி தூக்கி, அது பிடுங்குவதற்கு முன் நீங்களே கீழே வையுங்கள். அதற்குள் குளம்பு மோசமாகிவிட்டால் மருத்துவரை வைத்து மயக்க மருந்து கொடுத்துச் சீவிக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை. ஹால்டரை மாட்டியபடியே இரவில் விடாதீர்கள், எங்காவது சிக்கிக்கொள்ளும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஹெல்மெட் போடுங்கள், குழந்தைகள் வேலிக்கு வெளியே.

2007-இல் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் மஸ்டாங் மேக்ஓவர் போட்டிகளில் நூறு நாளில் ஏறிக் காட்டுகிறார்களே என்று ஒப்பிட வேண்டாம், அவர்களுக்கு அது தொழில். உங்களுக்குப் பக்கத்திலேயே கார்சன் சிட்டி சிறையில் கைதிகள் மஸ்டாங் பழக்குகிறார்கள், அதில் குதிரையைத் தொட்டே பார்க்காமல் வந்தவர்களும் உண்டு, சேணம் போட்டு ஏலத்துக்குக் கொண்டுவரச் சுமார் நான்கு மாதம் ஆகிறது. ஏலத்துக்கு முன் அந்தக் குதிரைகளை ஓட்டிக் காட்டுவார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் குதிரைக்கு மூன்று வயதுதான், எலும்பு முற்ற இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது, இந்த வருடம் ஏறாவிட்டால் ஒன்றும் குறையாது. இன்னும் ஒரு மாதத்தில் கழி அதன் தோளைத் தொடவில்லை என்றாலோ, ஓடுவதை விட்டு உங்கள் மேல் பாய ஆரம்பித்தாலோ, மஸ்டாங் பழக்கிய அனுபவமுள்ள ஒருவரை நேரில் வரவழைத்துவிடுங்கள். வீட்டுக்குதிரை மட்டும் பழக்கியவர் போதாது.