குமிழைத் திருப்பினால் எகிறும் சத்தம்

கேள்வி: என் பவர் ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழே கிடையாது. அதனால் பி100கே என்று போட்டிருந்த இரட்டை பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் மின்தடை மாறும் கண்ட்ரோல், இரண்டு சேனலுக்கும் சேர்த்து) ஒன்றை பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்தி, சிடி பிளேயருக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஐந்து மீட்டர் கேபிள். குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே சத்தம் எகிறுகிறது, ஜால்ரா ஒலியெல்லாம் மங்கலாகக் கேட்கிறது, லேசாக உறுமலும் உண்டு. மட்டமான சரக்கை வாங்கிவிட்டேனா?

பதில்: சரக்கைத் திட்டாதீர்கள். பி100கே-யில் 'பி'யும் தப்பு, '100'ம் தப்பு, அவ்வளவுதான்.

'பி' என்றால் பெரும்பாலும் லீனியர், அதாவது திருப்பும் அளவுக்கு நேர் விகிதத்தில் மின்தடை மாறும் வகை. நம் காது சத்தத்தை மடங்குக் கணக்கில் உணர்வதால், லீனியர் கண்ட்ரோலில் முதல் கால் திருப்பிலேயே எல்லாம் முடிந்துவிடும். 'ஏ' என்று போட்ட லாக் வகை (முதலில் மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் ஏறுவது) வாங்குங்கள். சில பழைய கண்ட்ரோல்களில் எழுத்து தலைகீழாகவும் இருக்கும் என்பதால், குமிழைச் சரிபாதியில் நிறுத்தி, நடுக் காலுக்கும் கிரவுண்ட் (சிக்னலின் பொது இணைப்பு) காலுக்கும் நடுவே மல்டிமீட்டரில் பாருங்கள்: மொத்த மின்தடையில் பாதி காட்டினால் லீனியர், பத்துப் பதினைந்து சதவீதம்தான் என்றால் லாக்.

மங்கலுக்குக் காரணம் 100கே, அதாவது 100 கிலோஓம். சத்தம் 6 டெசிபல் குறைந்த நிலையில் கண்ட்ரோலின் வெளியீட்டு மின்தடை அதன் மதிப்பில் கால் பங்கு, அதாவது 25 கிலோஓம். கேபிளோ மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) கொண்டது, உங்களுடையதில் 500 ஆகிறது. இந்த மின்தடையும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து உச்ச ஒலிகளை வடிகட்டிவிடும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு வழக்கமான 47 கிலோஓம் என்று வைத்துக்கொண்டாலும், 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் போய்விடும், அதற்குக் கீழேயே சரிவு ஆரம்பித்திருக்கும். அதே இடத்தில் 10கே போட்டால் வெளியீடு 2.5 கிலோஓம்தான், அந்தச் சரிவு 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடும். சிடி பிளேயர் பொதுவாக 2 வோல்ட் வரை தரும், 10கே அதற்கு ஒரு சுமையே இல்லை. ஆனால் வால்வ் பிரீஆம்ப் (வெற்றிடக் குழாயில் இயங்கும் முன்-ஆம்ப்ளிஃபயர்) மாதிரி வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள கருவி என்றால் 10கே ஒத்துவராது.

அப்புறம், பெட்டியை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். நீளக் கேபிள் பிளேயர் பக்கம் இருப்பதில் பிரச்சினை இல்லை. உலோகப் பெட்டியாக மாற்றி, அதைச் சிக்னல் கிரவுண்டோடு ஒரே ஒரு இடத்தில் சேருங்கள், உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும். மலிவான இரட்டைக் கண்ட்ரோலில், ரொம்பக் குறைத்து வைக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தூக்கலாகக் கேட்கும். அது தாங்கவில்லை என்றால் படிப்படியாகத் திரும்பும் ரோட்டரி ஸ்விட்சில் ரெசிஸ்டர்களைக் கோர்த்துச் செய்ய வேண்டியதுதான், சாலிடரிங்கில் பொறுமை இருந்தால்.